சிவப்புப் பேனா

பயிற்சிக் கல்லூரியில் அந்த அம்மாளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். ஆசிரியர் வேலைக்குப் படிக்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து மதிப்பெண் போடுவது அவர் வேலை. போன வருஷம் ஒருத்தி பிள்ளைகளோடு மூன்று நாள் ரகசியமாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்தாள். அவள் கேட்பதற்குள் பிள்ளைகள் பதிலைச் சொல்லி முடித்துவிட்டார்கள். அதுமுதல் அவர் சூடு கண்ட பூனை.

இன்று நடத்துகிறவள் ஏற்கெனவே ஒருமுறை தேறாதவள். இம்முறையும் தவறினால் படிப்பு அதோடு சரி. ஆங்கிலப் பாடம். எதிரே ஐந்தாம் வகுப்பு. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள். ஜன்னலோரத்துச் சிறுமி வேறு தேசத்திலிருந்து வந்து நாலு மாதமாகிறது. அவள் ஆங்கிலத்தில் வாய் திறந்ததே இல்லை என்று வகுப்பாசிரியை சொல்லியிருந்தார்.

மணியடிக்குமுன் பயிற்சிக்காரி அந்தச் சிறுமியிடம் மடித்த தாள் ஒன்றை நழுவவிட்டாள். சிறுமி அதில் ஏதோ கிறுக்கி நோட்டுக்குள் ஒளித்தாள். 'வந்ததும் வராததுமாய் வேலையைக் காட்டிவிட்டாளே!' என்று நினைத்துக்கொண்டார் பூதக்கண்ணாடி.

பாடம் தொடங்கியது. கடைத்தெருப் படத்தைக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வாய் திறக்காத அந்தச் சிறுமியே எழுந்து, தட்டுத்தடுமாறி, பிழையோடு ஒரு வாக்கியம் சொன்னாள். பூதக்கண்ணாடி மதிப்பீட்டுத் தாளில் மையால் எழுதினார்: 'விடையை முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார்.'

பிள்ளைகள் வெளியே ஓடியதும் இருவரையும் நிறுத்தினார்.

"அந்தச் சீட்டு எங்கம்மா?"

"எந்தச் சீட்டு மேடம்?"

"எனக்குக் காது குத்தாத. அதெல்லாம் சின்ன வயசுலயே குத்தியாச்சு."

"வேண்டாம் மேடம், மானம் போயிடும்."

"போகட்டும். எடு."

சிறுமிதான் நீட்டினாள். உள்ளே அவளுடைய மொழியில் பத்து வார்த்தைகள், பயிற்சிக்காரியின் கோணல் கையெழுத்தில். மேலே சிவப்பு மையில் வரிசையாகப் பெருக்கல் குறி. கீழே, பத்துக்கு இரண்டு.

"பயிற்சிக்கு இங்க வந்ததுலேருந்து தினம் அவ பாஷையில எழுதிக் காட்டுவேன் மேடம். அவ திருத்துவா. நேத்து முட்டை! நான் தப்புப் பண்ணா சிரிக்கிறா. சிரிச்ச வாய்க்கு அப்புறம் பேசப் பயமில்ல."

பூதக்கண்ணாடிக்குச் சுருக்கென்றது. எழுதிக் கொடுத்த விடையில் பிழை இருக்குமா? இருபத்திரண்டு வருஷம் மதிப்பெண் போட்ட மூளைக்கு அது எட்டவில்லையே!

பையில் வெற்று மதிப்பீட்டுத் தாள்கள் இருந்தன. பழையதைக் கிழித்துப் போட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிறுமி பார்த்துக்கொண்டிருந்தாள். பிழையை மறைக்கவா இவளுக்குக் கற்றுக்கொடுப்பது?

அவளிடம் கை நீட்டிச் சிவப்புப் பேனாவை வாங்கினார். தாம் எழுதிய வரியை அடித்து, பக்கத்தில் 'பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கீழே, 'தேர்ச்சி.'

பயிற்சிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காததுபோல் சிறுமி பக்கம் திரும்பி, அடித்த வரியைக் காட்டி, "பத்துக்கு எத்தனை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சிறுமி யோசித்து மூன்று விரல் காட்டினாள்.

"பாத்தியா, உன்னைவிட ஒண்ணு கூட" என்றார் பூதக்கண்ணாடி, பயிற்சிக்காரியிடம்.