ஆணி மூட்டிய புகை

தெருவில் அவருக்கு ஆணி என்று பெயர். அடித்தால் இறங்குவார், பிடுங்கினால் வரமாட்டார். அவர் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் டிப்போ. காலையில் வண்டிகளை நகர்த்தாமலே உறும விடுவான்கள். அந்தக் கரியைத் தின்று தின்று ஆணியின் மனைவிக்கு மூச்சு வாங்கியது.

நடையாய் நடந்து மனுக் கொடுத்ததில், காற்றில் புகையை அளக்கிற அரசாங்கப் பெண் ஒருத்தி வந்து மாடியில் ஒரு பெட்டியை வைத்தாள். டீசல் புகை அதிகம் என்று அது சொன்னால் பஸ்களைத் தள்ளி நிறுத்த உத்தரவு வரும்.

"இது எப்படிம்மா கண்டுபிடிக்கும்?"

"காத்த உறிஞ்சி வெள்ளை நாடாவுல கரியப் படிய விடும், ஐயா. அது மேல வெளிச்சம் அடிக்கும். எவ்வளவு வெளிச்சத்த முழுங்குதோ அவ்வளவு கரி."

"டிப்போக்காரன் உனக்கு எவ்வளவு முழுங்கக் குடுத்தான்?"

அவள் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் ஒரு பஸ்கூட உறுமவில்லை. டிப்போவுக்குச் சேதி போய்விட்டது! ஆணி மாடிக்கு ஏறினார். உடைந்த மர நாற்காலிக் காலை ஒரு தகரத்தில் போட்டுப் பெட்டியின் குழாய்க்கு நேரே கொளுத்தினார்.

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?" என்று மனைவி கீழேயிருந்து இருமினாள்.

"அந்தத் திருட்டுப் பயலுக்கு இதுதான் சரி!"

இரண்டு நாளில் பஸ்கள் பழையபடி உறும ஆரம்பித்தன. ஆணி அப்போதும் விடவில்லை. கூடக் கொஞ்சம் இருக்கட்டும் என்று தினமும் காலையில் கட்டை போட்டார்.

வாரக் கடைசியில் பெண் வந்து பெட்டியையும் தகரத்துச் சாம்பலையும் பார்த்து உதட்டைக் கடித்தாள்.

"டீசல் கரி எல்லா நிற வெளிச்சத்தையும் முழுங்கும், ஐயா. கட்டைப் புகை ஊதாவைத்தான் கூடுதலா முழுங்கும். இங்க தினமும் ஊதா எகிறிக் கிடக்கு. வீட்டு அடுப்புப் புகைய எங்க தலையில கட்டறாங்கன்னு டிப்போ சொல்லும். இத வெச்சு உத்தரவு வாங்க முடியாது."

"நீயும் அவனுக்குக் கூட்டு!"

"ரெண்டு நாள்தான் அடக்கி வாசிச்சாங்க. நீங்க சும்மா இருந்திருந்தா..."

"ஏம்மா நிறுத்திட்ட? நல்லாச் சொல்லு" என்றாள் மனைவி, படியைப் பிடித்து ஏறி வந்து. "பெட்டிய இன்னொரு வாரம் வெச்சுட்டுப் போ. இவர நான் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"அந்த வெட்டிப்பய வீட்டுக்கா? என் வீட்ட விட்டு என்னையே துரத்துறியா?"

"வீடு உங்களுது. மூச்சு என்னுது."

ஆணி துணிப்பையை உதறி எடுத்துக்கொண்டு கிளம்பினார். மச்சினன் வீடு ஊரின் மறுகோடி. பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று, டிப்போவை வாய் நிறையத் திட்டிக்கொண்டு, வெயிலில் நடந்தே போனார்.