பயனாளியின் நெற்றி

"பானு, மீன்குஞ்சு விட்டு முடியிற வரைக்கும் நீ சமையக்கட்டவிட்டு வெளிய வராதே" என்றார் வரதராஜன். கோபமாகச் சொல்லவில்லை. கேஸ் அடுப்பை மூடச் சொல்வதுபோலச் சொன்னார்.

பானு, இறந்துபோன அவருடைய தம்பியின் மனைவி. ஏ.எஸ்.ராவ் நகரைத் தாண்டி இருந்த அந்த வீட்டின் கொல்லையில் தார்ப்பாய்த் தொட்டி கட்டி மீன் வளர்க்க அனுமதி வாங்கியிருப்பது அவள் பெயரில்தான். பெண் பெயரில் விண்ணப்பித்தால் அரசு மானியம் கூடுதல். விதவை என்றால் முன்னுரிமையும் உண்டு. இந்த விதியைப் படித்த அன்றைக்கு வரதராஜனுக்குத் தம்பி மனைவிமேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. பாலாநகர் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு அவளை ஆபீஸ் ஆபீஸாக அழைத்துப் போனார். ஜிலேபி மீனுக்குத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். அதையும் சலிக்காமல் வாங்கினார்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டது பானு. மீனுக்குத் தீனியாகும் நுண்ணுயிர் வளரத் தண்ணீரில் வெல்லப்பாகு கலந்ததும், காற்று மோட்டார் நின்றபோதெல்லாம் ஓடியதும் அவள்தான். கணவன் போனபிறகு அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வந்த முதல் பொருள் அந்தத் தொட்டி. முதல் குஞ்சைத் தன் கையால் விட வேண்டும் என்று கொள்ளை ஆசை அவளுக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

வரதராஜனின் மனைவி ஷர்மிளா பட்டுப்புடவையில் தொட்டியருகே நின்றாள். மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் தயார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம்.

மீன்வளத் துறையிலிருந்து வந்திருந்த அப்துல் ரஹீம் போனைத் தூக்கிப் பிடித்தார். திருமுல்கேரியில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளமாக வந்தது.

"பயனாளி யாரு சார்?"

"இவங்கதான்னு வச்சுக்குங்களேன்." வரதராஜன் ஷர்மிளாவைக் காட்டினார்.

"வச்சுக்க முடியாது சார். முகம் ஒத்துப்போகலைன்னா ஆப் போட்டோ எடுக்காது. பானுமதி அம்மா எங்க?"

"உள்ள படுத்திருக்காங்க. உடம்பு சரியில்ல."

சமையலறையில் கடுகு வெடித்தது. ரஹீம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வரதராஜன் குரலைத் தாழ்த்தினார். "நல்ல காரியம் பாருங்க. அவங்க புருஷன் இல்லாதவங்க. முன்னால வந்து நிக்கக் கூடாது."

"புருஷன் இல்லாதவங்கன்னுதானே சார் முதல்ல குடுத்திருக்கோம்?" ரஹீம் நிஜமாகவே குழம்பிப் போய்க் கேட்டார். "அவங்க கையாலதான் விடணும். இல்லேன்னா குஞ்சு எல்லாத்தையும் திருப்பி வண்டில ஏத்திடுவேன். ரூல் சார், நான் என்ன பண்றது?"

வரதராஜன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைத் தனியே அழைத்தார். தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர். ஒரு குறையைச் சரிக்கட்ட அவருக்கு வழி தெரியாதா என்ன?

"ஒரு பொட்டு வச்சுக் கூட்டிட்டு வா. பார்க்க லட்சணமா இருக்கும். தோஷமும் இல்ல."

"அன்னிக்கு நீங்கதானே வேணாம்னு..."

"கைக்கு இப்ப அதெல்லாம்? எதுக்குப் பேசிட்டு நிக்கிற? டைம் ஆவுது."

குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை ஷர்மிளா பிய்த்து எடுத்தாள். பானுவின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். புருஷன் போனதும் அந்த நெற்றியில் இருந்த பொட்டை அழித்த அன்றைக்கு, பானு திமிறாமல் தோளைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே கைதான்.

"மன்னிச்சுக்கடி" என்றாள்.

"வாங்கக்கா, நேரமாச்சு" என்றாள் பானு.

தொட்டியில் மிதந்த பையை அவிழ்த்துச் சாய்த்தாள். குஞ்சுகள் அவள் விரல்களை உரசிக்கொண்டு இறங்கின. அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்பதால் அடக்கவில்லை. ஆப் அவள் முகத்தை உடனே ஏற்றுக்கொண்டது. பொட்டைப் பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை.

"மாசாமாசம் வந்து இதே மாதிரி போட்டோ எடுப்பேன்மா. நீங்கதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு ரஹீம் வண்டி ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் வரதராஜன் சொன்னார்: "சரி பானு, வேலை முடிஞ்சுது. பொட்டை எடுத்துடு."

பானு குழாயடியில் கைகளை நிதானமாகக் கழுவினாள். "அடுத்த மாசமும் வருவாராம் மாமா. திரும்ப வைக்கிறது, திரும்ப எடுக்கிறது... நக்கோ மாமா, வேணாம். இது இப்படியே இருக்கட்டும்."

"தெருவுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"கவர்மென்ட் ரூல்னு சொல்லுங்க" என்றாள் பானு.