சம்பந்தியின் காது

பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். பையனின் அம்மா, பெண்ணின் அம்மா. வீட்டில் இருந்ததே இரண்டு படுக்கையறை. ஒன்றில் பெற்றவர்களும் தொட்டிலும். மற்றதில் சம்பந்திகள் இருவரும் ஒரே கட்டிலில். “ஒரே உறையில ரெண்டு கத்தி” என்று பையன் தன் மனைவியிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

பையனின் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பேத்தி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் கண்டக்டரம்மா. குரல் கடைசி சீட் வரை கேட்கும். பெண்ணின் அம்மா டெய்லரம்மா. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வேலை பார்த்துப் பழகியவர், அதனால் பேச்சு குறைவு. பேசினால் குண்டூசியும் சேர்ந்தே வரும்.

குண்டு குண்டாக இருந்ததால் குழந்தையைக் குண்டு என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்றபடி குளிப்பாட்டும் தண்ணீரின் சூடு, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, அழுதால் உடனே தூக்குவதா கொஞ்சம் விடுவதா என்று எல்லாவற்றிலும் தினம் ஒரு பஞ்சாயத்து. நேருக்கு நேர் சண்டை கிடையாது. “குண்டு, உன் பாட்டிக்குச் சொல்லு, காத்து பட்டா நீ ஒண்ணும் உதிர்ந்துட மாட்டேன்னு” என்று கண்டக்டரம்மா ஜன்னலைத் திறப்பார், டெய்லரம்மா மூடுவார்; எல்லாம் குழந்தை வழியாகத்தான் நடக்கும்.

கண்டக்டரம்மாவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. வேலையில் இருந்த காலத்தில், காலை டிரிப்பில் ஒரு கல்லூரிப் பெண் தினம் ஏறுவாள். காதின் மேல்பக்கம், குருத்தெலும்பில், கடுகளவு ஒரு கல் தோடு. ஜன்னலில் வெயில் அடிக்கும்போது அது மினுங்கும். டிக்கெட் கொடுத்துவிட்டு நகரும்போதெல்லாம் கண்டக்டரம்மாவின் பார்வை ஒரு நொடி அங்கே நின்றுவிட்டுத்தான் போகும். ஆனால் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வரும் வேலையில், யாருடைய முழங்கை எப்போது காதில் இடிக்கும் என்று சொல்ல முடியாது. தோளில் பை வார் வேறு. ஆசையை அப்படியே மடித்து வைத்திருந்தார்.

ஒரு மதியம், டயப்பர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது காது குத்தும் அந்த இடம். உள்ளே ஆஸ்பத்திரி வாசனை. தலைமுடியை ஒட்ட வெட்டிய ஓர் இளம்பெண் கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“யாருக்கும்மா?”

“எனக்குத்தான். ஏன், என் காது காதில்லையா?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “சுகர் இருக்காம்மா?”

“காபில மட்டும்தான்.”

“ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது?”

“எதுவும் இல்ல. நீ குத்து.”

கண்டக்டரம்மாவுக்கு வளையம் வேண்டும். அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. வளையம் ஆடிக்கொண்டே இருக்கும், புண் ஆறாது, முதலில் ஒரு சின்னக் கம்பித் தோடுதான், வளையத்தை எல்லாம் ஆறின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். துப்பாக்கி மாதிரி கருவி எதுவும் எடுக்கவில்லை. குருத்தெலும்பை அது நசுக்கிவிடுமாம். உறையைப் பிரித்துப் புது ஊசி ஒன்றை எடுத்தாள். “மூச்சை இழுத்து விடுங்க” என்றாள். கண்டக்டரம்மா விடுவதற்குள் முடிந்துவிட்டது. காது மட்டும் அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தது.

“வீக்கம் வரும்னு கம்பி கொஞ்சம் நீளமா போட்டிருக்கேன். வீக்கம் வத்தினதும் வாங்க, குட்டையா மாத்தணும். இந்த உப்புத்தண்ணி ஸ்ப்ரே காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வேற எதுவும் வேண்டாம். தொடாதீங்க, திருகாதீங்க, அந்தப் பக்கம் படுக்காதீங்க. முழுசா ஆற மாசக்கணக்காகும்.”

கண்டக்டரம்மா கூந்தலைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, மறக்காமல் டயப்பரும் வாங்கிக்கொண்டு வீடு வந்தார். டெய்லரம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

“டயப்பர் கடை அவ்ளோ தூரமா?”

“ஒரே கூட்டம்.”

“யாருக்குக் காது குத்துறீங்க, சம்பந்தி?”

பொய் சொல்லாதீர்கள் என்ற அர்த்தத்தில்தான் அவர் கேட்டார். கண்டக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தன்னையறியாமல் காதுக்குப் போயிற்று. ஒரு தையல் தவறினாலும் கண்டுபிடிக்கிற கண் டெய்லரம்மாவுக்கு. நேரே வந்து கூந்தலை ஒதுக்கிப் பார்த்தார்.

“அட, நிஜமாவே குத்திட்டு வந்திருக்கீங்க!”

மருமகள் ஓடிவந்து பார்த்து, “அத்தை! சூப்பரா இருக்கு!” என்றாள். டெய்லரம்மா, “பேத்தி எடுத்த வயசுல” என்று ஆரம்பித்து, மகளின் முறைப்பைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார்.

குத்தியது வலது காதில். கண்டக்டரம்மாவோ காலமெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர். இப்போது இடப்பக்கம் திரும்பிப் படுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் சம்பந்தியின் முதுகு. விழித்திருக்கும்வரை சரி. தூக்கத்தில் உடம்பு பழைய வழிக்கே உருண்டுவிடும், காலையில் காது விண்ணென்று தெறிக்கும்.

“எண்ணெய் போட்டுத் தோட்டைத் திருகி விடணும். இல்லன்னா சதையோட ஒட்டிக்கும்” என்றார் டெய்லரம்மா.

“தொடவே கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு.”

“அப்ப சரி. எனக்கென்ன.”

எண்ணெயைக் கண்டக்டரம்மா ஒதுக்கினார். ஆனால் உப்புத்தண்ணீர் மீதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உப்புத்தண்ணீர் என்ன செய்துவிடும்? எரிந்தால்தானே மருந்து? முதலுதவிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, யாரும் பார்க்காதபோது குளியலறையில் ஒற்றிக்கொண்டார். எரிந்தது. திருப்தியாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் டெய்லரம்மா அவருக்கு ஒரு நைட்டி தைத்தார். சமாதானத்துக்கா, அல்லது சம்பந்தியின் பழைய நைட்டியைப் பார்க்கச் சகிக்காமலா என்று தெரியாது. டேப் வைத்து அளவுகூட எடுக்கவில்லை, கண்ணாலேயே அளந்துவிட்டார். கழுத்தில் லேஸ் வைத்து அழகாக வந்திருந்தது.

“கையைத் தூக்குங்க, போட்டுப் பாத்துடலாம்.”

தலை வழியாக இழுத்தபோது, உள்பக்கம் லேஸின் வலைக்கண் தோட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. டெய்லரம்மாவுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். கண்டக்டரம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் குண்டு எழுந்து வீறிட்டது.

“அசையாதீங்க! இழுக்காதீங்க!” என்றார் டெய்லரம்மா. துணிக்குள் தலை மாட்டிக்கொண்டு கண்டக்டரம்மா நின்றார். ரத்தம் கழுத்தில் இறங்குவது தெரிந்தது. டெய்லரம்மா கத்தரிக்கோலை எடுத்து, புது நைட்டியின் கழுத்தை மார்புவரை ஒரே வெட்டாக வெட்டினார். பிறகு காதைச் சுற்றி லேஸை இழை இழையாகப் பிரித்தெடுத்தார்.

“முடிஞ்சுது. இதோ வந்துடுச்சு. நான் இருக்கேன்ல.”

தோடு அப்படியே இருந்தது. நைட்டிதான் போயிற்று.

ஆனால் அடுத்த சில நாட்களில் துளையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டி எழும்பியது. தொட்டால் உயிர் போயிற்று. ஒரு காலை, கண்டக்டரம்மா கண்ணாடி முன்னால் நின்று தோட்டைத் திருகிக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. வாசலில் நின்ற டெய்லரம்மா பார்த்துவிட்டார்.

“என்ன பண்றீங்க?”

“கழட்டிடறேன். நீங்க சொன்னது சரிதான். இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்.”

“நான் எங்க முழுசா சொன்னேன்? பாதியிலயே விட்டுட்டேனே. கையை எடுங்க. கிளம்புங்க, அந்தப் பொண்ணுகிட்டயே காட்டிட்டு வருவோம்.”

குழந்தையை மகளிடம் விட்டுவிட்டு இருவரும் மாடி ஏறினார்கள். அந்தப் பெண் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

“உப்புத்தண்ணி தவிர வேற என்ன போட்டீங்க?”

“எண்ணெய் நான்தான் சொன்னேன், அவங்க போடல” என்று டெய்லரம்மா முந்திக்கொண்டார்.

“ஸ்பிரிட்” என்றார் கண்டக்டரம்மா. கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல், பக்கத்தில் நின்றவருக்கே பாதிதான் கேட்டது.

“ஸ்பிரிட்டா!” டெய்லரம்மா தலையில் கைவைத்தார். “இந்த வேலை எப்ப நடந்துச்சு?”

“குருத்துல ரத்த ஓட்டம் கம்மிம்மா. மெதுவாத்தான் ஆறும். புதுசா வளர்ற சதையை ஸ்பிரிட் காய வச்சுடுது. போதாததுக்கு இழுபட்டும் இருக்கு, ராத்திரி அது மேலயே படுத்தும் இருக்கீங்க. அதுதான் கட்டி. இது சீழ் கட்டி இல்ல, பயப்படாதீங்க. தொந்தரவு பண்ணாம விட்டா மெல்ல அமுங்கிடும். ஆனா காது பூரா சிவந்து சூடானாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க. அப்பவும் நீங்களா தோட்டைக் கழட்டாதீங்க. துளை மூடிக்கிட்டா சீழ் உள்ளயே நின்னுடும்.”

நீளக் கம்பியை எடுத்துவிட்டுக் குட்டைக் கம்பி போட வேண்டியிருந்தது. கண்டக்டரம்மா பக்கத்தில் இருந்த கையை இறுகப் பிடித்துக்கொண்டார். முடிந்த பிறகும் விடவில்லை. டெய்லரம்மாவும் இழுத்துக்கொள்ளவில்லை.

“தூக்கத்துல அந்தப் பக்கம் உருண்டுட்டா என்ன பண்றது?” என்று டெய்லரம்மா கேட்டார்.

“காது தலையணையில படாம இருந்தா போதும். நடுவுல ஓட்டை வச்ச தலையணை சில பேர் வச்சுக்குவாங்க.”

டெய்லரம்மா வழியெல்லாம் சம்பந்தியின் காதையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய தலையணையைப் பிரித்தார். வெட்டிய நைட்டியின் கீழ்ப்பாதித் துணியில் வளையம் மாதிரி ஒரு தலையணை தைத்தார். முதல் தடவை பஞ்சு அதிகமாகி, கண்டக்டரம்மாவுக்கு மறுநாள் கழுத்து திரும்பவில்லை. தையலைப் பிரித்து, பஞ்சைக் குறைத்து, மறுபடியும் தைத்தார். இரண்டாவது சரியாக இருந்தது. காது ஓட்டைக்குள் நிம்மதியாகக் கிடந்தது.

மதியம், குண்டு தூங்கும் நேரம். இருவரும் படுத்திருந்தார்கள்.

“எதுக்கு இவ்வளவு ஆசை, சம்பந்தி?” என்று கேட்டார் டெய்லரம்மா.

கண்டக்டரம்மா அந்தக் கல்லூரிப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஜன்னல் வெயில், கடுகளவு கல். சொல்லும்போது தனக்கே வெட்கமாக இருந்தது.

“நல்ல ஆசைதானே. அதுக்கு ஏன் டயப்பர் கடைன்னு சொல்லிட்டுப் போனீங்க?”

“நீங்க சிரிப்பீங்கன்னு.”

“சிரிச்சிருப்பேன். சிரிச்சா என்ன? சிரிச்சுட்டு நானும் கூட வந்திருப்பேன். தனியா போய் உக்காந்து குத்திக்கிட்டு வந்திருக்கீங்களே.”

கண்டக்டரம்மா முப்பது வருஷம் நாள் முழுக்கக் கூட்டத்தோடு இருந்தவர். கூட வருவதாக யாராவது சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

காலையும் மாலையும் ஸ்ப்ரே அடிப்பது டெய்லரம்மாவின் வேலையாகிவிட்டது. ஸ்பிரிட் பாட்டிலை எங்கே ஒளித்துவைத்தார் என்று யாருக்கும் தெரியாது. கட்டி அவரைக் கேட்டுக்கொண்டுதான் அமுங்கியது என்று மருமகள் கேலி செய்தாள்.

ஒரு நாள் காலை, பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, “அம்மா, காதுல என்னமோ ஒட்டியிருக்கு, இரு” என்று தட்டிவிடக் கையை நீட்டினான்.

“தொடாதே!”

இரண்டு பாட்டிகளும் ஒரே குரலில் போட்ட அதட்டலில் தட்டு ஆடிப்போயிற்று. பையன் நீட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“தோடா அது? எப்பம்மா குத்தின?”

“குண்டு, உங்க அப்பாவுக்குச் சொல்லு” என்றார் டெய்லரம்மா, “இந்த வீட்டுல ரெண்டு கிழவி இருக்கோம், அப்பப்ப முகத்தைப் பாக்கணும்னு.”

மகளுக்குக் கொஞ்சம் உடம்பு தேறியதும் டெய்லரம்மா தன் வீட்டுக்குத் திரும்பினார். கடையில் துணி குவிந்து கிடந்தது. அவர் போன பிறகு கண்டக்டரம்மா ஸ்ப்ரேயைத் தானே அடித்துக்கொண்டார். ஒரு நாளும் தவறவில்லை. தவறினால் போனில் கேள்வி வரும்.

குண்டு தவழ ஆரம்பித்து, சுவரைப் பிடித்து நிற்கவும் தொடங்கிய சமயத்தில், அந்தப் பெண் காதைப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது என்று சொல்லி, மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டுவிட்டாள். கண்டக்டரம்மா மாடிப்படியிலேயே நின்று போட்டோ எடுத்துச் சம்பந்திக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

“லேசா சாஞ்ச மாதிரி இருக்கே.”

“காதுதான் சாஞ்சிருக்கு. வளையம் நேராத்தான் இருக்கு.”

“போட்டோவை வச்சு எதையும் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை வர்றேன், நேர்ல பாத்துச் சொல்றேன்.”

“வாங்க” என்றார் கண்டக்டரம்மா. “ஜன்னலை மூடியே வைக்கிறேன்.”