நியூசிலாந்து நெல்லிக்காய்

என் பெண்டாட்டி அபிதாவுக்கு வேலையே ஒயினை வாயில் ஊற்றிச் சுழற்றித் துப்புவதுதான். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் குளச்சலில் கிடையாது. பக்கத்து வீட்டு மரியான், அவள் பஸ் இறங்கி வரும்போதெல்லாம், இன்றைக்கு எவ்வளவு துப்பினாள் என்று என்னிடம் கேட்பான். எனக்குச் சட்டென்று கோபம் வரும். ஒரே வள்ளத்தில் என்னோடு நின்று வலை இழுக்கிறவன் என்பதால்தான் அவன் பல் இன்னும் வாயில் இருக்கிறது.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துக் கட்டிய பெரிய ஓட்டல் ஒன்றில் அவளுக்கு வேலை. சாப்பாடு பரிமாறத்தான் சேர்ந்தாள். பல தேசத்து ஒயின் வந்து இறங்கியபோது, அதைப் பற்றிப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் அங்கே இவள் ஒருத்திதான். ஆனாலும் ஒயின் பிரிவை இவள் கையில் கொடுக்கச் சென்னைக்கார மேனேஜருக்கு மனசு வரவில்லை. விருந்தாளிகளை உட்கார வைத்து நாடு நாடாக ருசி காட்டும் ஒரு மாலையை நடத்து, நன்றாக வந்தால் பொறுப்பு உனக்கு, இல்லையென்றால் கோவாவிலிருந்து ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டார். கோவாக்காரனிடம் போனிலும் பேசி வைத்திருந்தார்.

ஒவ்வொரு ஒயினுக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் அச்சடித்திருப்பதை ஒப்பித்தால் போதும் என்பது அவர் உத்தரவு. வீட்டில் அவள் உருப்போடும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். நியூசிலாந்து வெள்ளை ஒயினுக்குக் கூஸ்பெர்ரி மணம் என்று போட்டிருந்தது. கூஸ்பெர்ரி என்றால் நெல்லிக்காய், பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே! பழகுவதற்காக அவள் ஓட்டலில் கேட்டு வாங்கி வந்த பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தேன். நெல்லிக்காயின் வாடையே இல்லை. விடுவேனா? வடசேரிச் சந்தையில் நெல்லிக்காய் வாங்கி வந்து கடித்துப் பார்த்தேன். பிறகு குடித்த தண்ணீர் இனித்தது. ஒயினைக் குடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன், அது வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. நியூசிலாந்துக்காரன் நம்மை ஏமாற்றுகிறான் என்று கத்தினேன்.

அவள் போனில் தேடிப் படம் காட்டினாள். அவர்கள் சொல்லும் கூஸ்பெர்ரி வேறு பழமாம், குளிர் தேசத்தில் காய்ப்பதாம். நாங்கள் இரண்டு பேரும் கண்ணால்கூடக் கண்டதில்லை. போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது, அட்டையில் உள்ளதைச் சொல்லிவிட்டு வா என்றேன்.

"தின்னாத பழத்த மணக்குதுன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? நாக்கு எனக்க நாக்குல்லா" என்றாள்.

இந்தப் பிடிவாதத்தால் கோவாக்காரன் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று பயந்தேன்.

ருசி காட்டும் மாலையன்று வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பைக்கில் நானே அவளைக் கொண்டுபோய் விட்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை ஹால் வாசலில் நிற்க விட்டாள். விருந்தாளிகளில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். நாகர்கோவிலிலிருந்து டாக்டர் ஹரிகுமாரும் அவர் மனைவி அஸ்வதியும் வந்திருந்தார்கள். முதலில் நியூசிலாந்து. அபிதா பேசத் தொடங்குமுன்பே டாக்டர் மேசையில் இருந்த அட்டையைப் படித்து, கிளாசுக்குள் மூக்கை விட்டு, நெல்லிக்காயைக் காணோமே என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் முகம் கறுத்தது. போச்சு என்று நினைத்தேன்.

அபிதா அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அது நம் நெல்லிக்காய் இல்லை, நான் தின்றதும் இல்லை, அதனால் மணக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்று தெளிவான இங்கிலீஷில் சொன்னாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மாங்காயக் காம்போட ஒடிச்சா பால் தெறிக்கும்லா சார், அந்த மணம் இருக்கா பாருங்க."

அஸ்வதி மறுபடி முகர்ந்தார். அதேதான், உதட்டில் பட்டால் பொள்ளிப்போகுமே அந்தப் பால்தான் என்றார். அதோடு ஹால் கலகலத்துவிட்டது. ஜெர்மன்காரி ஒருத்தி தக்காளி இலையைக் கசக்கிய மணம் என்றாள். அவள் புருஷன் கூஸ்பெர்ரி தின்று வளர்ந்தவனாம், அதுவும் இருக்கத்தான் செய்கிறது என்றான். அது எப்படி இருக்கும் என்று அபிதா அவனிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்து இத்தாலிச் சிவப்பு. வாயில் பட்டதும் நாக்கைப் பிடிக்கும். இது கொல்லாம்பழத்தின் பிடி என்றாள் அபிதா. வெளியூரில் முந்திரிப்பழம் என்பார்களே, அதுதான். அது என்ன பழம் என்று ஜெர்மன்காரன் கேட்டான். அவள் வாசலைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, பொறத்த கொல்லாமரம் நிக்குல்லா. கொஞ்சம் பழம் பறிச்சிட்டு வாருங்க."

ஓடினேன். மார்ச் மாதம், மரம் நிறையப் பழம். சமையல்கட்டில் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். பழத்தைக் கடித்துவிட்டு எல்லோரும், போதை ஏறாமலிருக்க அபிதா சொன்னபடி, இத்தாலி ஒயினை வாயில் சுழற்றிக் கிண்ணத்தில் துப்பினார்கள். ஜெர்மன்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே மேசையைத் தட்டி, இரண்டும் ஒரே பிடி என்று சிரித்தான். அபிதா எந்த அட்டையையும் பார்க்காமல் ஸ்பெயினுக்குப் போனாள், சிலிக்குப் போனாள். மேனேஜர் ஓரமாக நின்று அவள் பேச்சைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். வள்ளம் நிறைய மீனோடு எத்தனையோ முறை கரை ஏறியிருக்கிறேன். இந்தப் பெருமை அப்போதெல்லாம் வந்ததே இல்லை.

எல்லோரும் போன பிறகு, புதிய அட்டையில் கொல்லாம்பழத்தையும் சேர்க்கச் சொன்னார் மேனேஜர். அவர் வாயில் அது கொல்லாம்பலம் என்றுதான் வந்தது.

"பலம் இல்ல சார், பழம்" என்றாள் அபிதா.

அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வந்தபாடில்லை. பிறகு எங்கள் எதிரிலேயே கோவாவுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

மறுநாள் வலையைக் காயப் போடும்போது மரியான் பழைய கேள்வியைக் கேட்டான். எனக்குக் கோபமே வரவில்லை.

"துப்புனா மக்கா" என்றேன். "ஜெர்மன்காரனும் நாகர்கோவில் டாக்டரும் அவ சொன்ன பொறவுதான் துப்புனாவ."