ஸ்லைடில் வந்த விருந்தாளி

செத்துப்போன ஓர் ஆணின் இதயத் தசைக்குப் பக்கத்தில், அதே ஸ்லைடில் ஒரு துண்டு நஞ்சுக்கொடி இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு வரவில்லை. அந்த ஸ்லைடைச் செய்தவள் நான்.

பிரேதப் பரிசோதனை செய்பவரின் வெறுங்கண்ணுக்குத் தெரியாததை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிரிவின் வேலை. உறுப்பின் துண்டு, கெடாமலிருக்க ஃபார்மலின் ஜாடியில் ஊறிக்கொண்டு வரும். அதை மெழுகுக் கட்டியில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றித் தருவது நான். பார்த்து முடிவு சொல்வது எங்கள் டாக்டர் மேடம். பத்தொன்பது வருஷமாகச் சீவுகிறேன். என் கைச் சுத்தத்தைப் பற்றிப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

இதயத்தின் சொந்தக்காரர் நாற்பது வயதுத் தையல்காரர். காலையில் மனைவியோடு தெருவே கேட்கும்படி சண்டை. பத்து நிமிடத்தில் மெஷின் மேலேயே சரிந்துவிட்டார். உடம்பில் காயமில்லை, அறுத்துப் பார்த்தவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. மனைவிதான் எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. விஷம் இல்லை என்று ரசாயனப் பிரிவு சொன்னது. "அப்ப தலையணையை வெச்சு அமுக்கியிருப்பா" என்றார் அவசரம். எங்கள் அறிக்கை மட்டும் பாக்கி. அதிலும் ஒன்றும் இல்லையென்றால் அன்று மாலையே கைது என்று அந்தப் பெண்ணையும் கூட்டிவந்து வெளிப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

மேடம் நுண்ணோக்கியில் குனிந்தார். "இதயத் தசை முழுக்க அழற்சி. காய்ச்சல் ஏதோ உள்ள இறங்கிப் பத்து நாளாவது ஆகியிருக்கு. இந்த இதயம் எந்த நிமிஷமும் நின்னிருக்கும்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மேடம் ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இங்க நஞ்சுக்கொடி இருக்கே."

வாசலில் நின்ற அவசரத்துக்குப் பாம்புக் காது. "பிள்ளை பெத்தவங்களுக்கு இருக்குமே, அதுவா மேடம்?"

"அதேதான்."

அவசரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தையல்காரர் முழுகாம இருந்தார்னு எழுதப்போறீங்களா?" சிரிப்பு சட்டென்று நின்றது. "இது வேற யாரோடதோன்னா, அந்த அழற்சியும் வேற யாரோடதாவும் இருக்கலாமில்ல? கோர்ட்டுல உங்க அறிக்கையைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க."

மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

எப்படி வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு கட்டியைச் சீவி முடித்ததும், தொட்டித் தண்ணீரின் மேல் மெல்லிய காகிதத்தை இழுத்து, மிதக்கும் துணுக்குகளை அள்ளிவிட வேண்டும். தையல்காரருக்கு முன்னால் நான் சீவியது பிரசவ வார்டிலிருந்து வந்த நஞ்சுக்கொடி. நடுவில் தங்கச்சி போனில் மாமியார் புராணத்தை ஆரம்பித்தாள். புராணம் முடிந்தபோது காகிதம் மறந்தே போயிருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் பழி ஜாடி கொண்டுவந்தவர் தலையில் விழும். ஒரு நிமிஷம் அந்தச் சபலம் எனக்கு வந்தது. ஆனால் சந்தேகம் அப்படியே நிற்கும். பெஞ்சில் இருப்பவள் உள்ளே போவாள்.

"மேடம், தப்பு என்னோடது. தொட்டியை நான் சுத்தம் பண்ணல."

"பத்தொன்பது வருஷம்" என்றார் மேடம், அவ்வளவுதான். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

"கட்டி அப்படியே இருக்கு சார்" என்றேன் அவசரத்திடம். "உங்க கண்ணு முன்னாடியே திரும்பச் சீவறேன்."

தொட்டியைக் கழுவினேன். புதுத் தண்ணீர், புதுக் கத்தி. அவசரம் ஒன்றரை மணி நேரம் ஸ்டூலில் நெளிந்தார்.

"இன்னும் ஆகலையா?"

"சாயம் ஏறணும் சார். நீங்க மிரட்டினாலும் அது பயப்படாது."

புதிய ஸ்லைடில் விருந்தாளி இல்லை. இதயம் மட்டும், அழற்சி அப்படியே. மேடம் அவசரத்தையும் குனிந்து பார்க்க வைத்தார். முதல் ஸ்லைடையும் என் தவறையும் ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினார். அவசரம் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இயற்கை மரணம்தான்" என்று முனகிக்கொண்டே போனார்.

"உனக்கு மெமோ நாளைக்கு வரும். இப்ப நீயே போய் அவங்ககிட்ட சொல்லு" என்றார் மேடம்.

போனேன். "உங்க வீட்டுக்காரருக்கு இதயத்துல நோய் இருந்திருக்கும்மா. உங்க மேல யாருக்கும் சந்தேகமில்ல. வீட்டுக்குப் போகலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "சண்டையில, நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதின்னு கத்திட்டேங்க. அதுதான் அவர் நெஞ்சை அடைச்சிருக்குமோ?"

கைதைவிட இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"இல்லம்மா. அந்த நோய் வந்து பத்து நாளாவது ஆகியிருக்கும்னு மேடம் சொல்லிட்டாங்க. நீங்க கத்தினது அன்னிக்குக் காலையிலதானே?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். முகம் வெளுத்துவிட்டது. "பத்து நாளைக்கு முன்னாடியும் இதையேதான் சொன்னேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் தினமும் இதையேதான் சொல்றேன். எங்க வீட்டு ஆளு குண்டுக்கல்லு மாதிரிதான் இருக்கார்."

களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.