முதலில் கை, பிறகுதான் ஐயோ

1

இந்தக் கதை, அக்கா போனில் சிரித்த சிரிப்பிலிருந்து வந்தது. "உங்க அத்தான் கையைச் சுட்டுக்கிட்டாருடா!" என்றாள். கணவன் கையைச் சுட்டுக்கொண்டதற்கு இப்படிச் சிரிக்கிறவளை நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். ஆகவே முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

அத்தானும் அக்காவும் பேக்கரி நடத்துகிறார்கள். போன வருஷம் ரொட்டி வெட்டும் இயந்திரத்தில் அத்தானின் ஆள்காட்டி விரல் மாட்டி நரம்பு அறுந்துபோனது. டாக்டர் தைத்துவிட்டார். காயம் ஆறியது, உணர்ச்சி திரும்பவில்லை. ஒருநாள், அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்த தட்டில் விரலை வைத்தபடியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். (இங்கே கருகிய வாசனை பற்றி ஒரு பத்தி இருந்தது. சிரிக்கவேண்டிய கதை என்பது நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன்.) கொப்புளத்தை முதலில் பார்த்தது அக்காதான்.

"இனிமே நான் தொட்டுப் பாத்துச் சொன்னப்புறம்தான் நீங்க தொடணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் அவள் விரல். அது அத்தானை உறுத்தியது. கடையை விட்டுவிடலாமா என்றுகூடக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

3

அக்கா போன் செய்த அன்று, அவள் தொட்டுப் பார்க்கும் முன்பே சூடான தட்டை எடுத்த அத்தான், வலி பொறுக்காமல் கையை வெடுக்கென்று இழு—

இல்லை. அக்கா திருத்தினாள்: "கைதான்டா முதல்ல வந்துச்சு. அப்புறம்தான் கத்துனாரு."

டாக்டரிடம் கேட்டேன். சூடு பட்ட சேதி முதுகுத்தண்டுக்குப் போனதுமே அங்கிருந்து கைக்கு உத்தரவு வந்துவிடுமாம். மூளைக்குத் தகவல் சற்றுப் பிந்தித்தான் போகும். அதன் பிறகுதான் வலி தெரியும். நரம்பு அறுந்திருந்தபோது சேதியே போய்ச்சேரவில்லை, கையும் அசையவில்லை. இப்போது நரம்பு வளர்ந்துவிட்டது. ஆகவே வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறேன்:

அத்தானின் கை துள்ளியது. தட்டு விழுந்தது. பன்கள் கடை முழுக்க உருண்டன. பிறகுதான், "ஐயோ!"

அக்கா ஓடிவந்தாள். "வலிக்குதா?"

"வலிக்குதும்மா! நல்லாவே வலிக்குது!"

பன் வாங்க வந்த பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

4

முடிவு ஒன்று: மறுநாளே அத்தான் தனியாக அடுப்படியில் நிற்கிறார். (அக்கா விடமாட்டாள்.)

முடிவு இரண்டு: இருவரும் கண்கலங்க... (கலங்கினார்கள்தான். எழுதினால் அத்தான் என்னோடு பேசமாட்டார்.)

உண்மையில் அக்கா குழாயைத் திறந்துவிட்டு, "கையை நீட்டுங்க" என்றாள்.

"இரும்மா, இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும்."

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் எப்போது கையை நீட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள், கொப்புளம் கிளம்பிவிடும்.