புத்தகத்தில் போட்ட அளவு

முழுசாக மிதித்தால் மட்டும் கார் திணறியது. மெதுவாகப் போனால் பசு மாதிரி சாதுவாகப் போகும். ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தினால் குலுங்கிக் குலுங்கி விக்கும். அவள் கணவன் ஆசை ஆசையாய் டர்போ மாட்டிய கார். மாரடைப்பில் அவன் போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நுனி இடைவெளியை அளந்தான்.

"எல்லாமே புதுசா இருக்கே. யாரு அக்கா மாட்டுனது?"

"நான்தான் தம்பி. வண்டியோட வந்த புத்தகத்துல போட்டிருந்த அளவு பாத்து மாட்டுனேன். அவர் வண்டிய நல்லா வச்சுக்கணும்னுதான்."

"அது சாதா வண்டிக்கு அக்கா. டர்போ காத்த அழுத்தித் தள்ளும். பிளக்குல இவ்ளோ இடைவெளி இருந்தா பொறி அணைஞ்சுடும். அண்ணன் குறைச்சு வச்சிருப்பாரு. பழசு இருக்கா?"

குப்பையில் போட்டிருந்தாள். அவன் பார்த்துப் பார்த்து இடைவெளி வைத்த நான்கையும்.

மெக்கானிக் இடைவெளியைக் குறைத்து மாட்டி, ஓட்டிப் பார்க்கப் போனான். அவள் பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் தெருமுனையில் அந்த உறுமல் கேட்டது, ஒரு திணறலும் இல்லாமல்.

"வந்துட்டாரு துரை, ஊரையே கூட்டிக்கிட்டு" என்று வீட்டில் தினமும் முணுமுணுத்த அதே எரிச்சலோடு சொல்லிக்கொண்டே எழுந்தாள். கேட்டைத் திறக்கப் பத்து அடி நடந்த பிறகுதான், அங்கே கேட் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.